புகைக்குச் சீட்டு உண்டு, பிரேக்குக்கு?

மாங்குளத்திலிருந்து கிளிநொச்சிப் பக்கம் போகும் வாகனங்கள் முறிகண்டியில் நின்றுதான் போகும். பிள்ளையாருக்கு ஒரு கற்பூரம், ஒரு தேங்காய், திரும்பி வரும்போது ஒரு சுருள் கச்சான். புதிதாக வருகிறவருக்கு இது முழுக்கப் பக்தி. பக்திதான், மறுக்கவில்லை. ஆனால் என் தகப்பனாரைப் போன்ற பழைய ஹயர்கார்ச் சாரதிகளுக்கு அந்தப் பத்து நிமிடத்தில் வேறு வேலையும் இருந்தது. நாங்கள் அவரை ஐயா என்போம். ஐயா முதலில் பொனற்றைத் திறப்பார். சாக்குத் துண்டால் ரேடியேற்றர் மூடியைப் பொத்திப் பிடித்துத் திருகி, சீறல் அடங்கியதும் தண்ணீர் விடுவார். நாலு சில்லுக்கும் காலால் ஒவ்வோர் உதை. பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தியிருந்து வண்டிக்குக் கீழே மண்ணைப் பார்ப்பார். ஈரம் தெரிந்தால் விரலால் தொட்டு மணப்பார்: தண்ணீரா, ஒயிலா, பிரேக் எண்ணெயா. அதற்குப் பிறகுதான் தேங்காய்.

"பிள்ளையார் பாத்துக்கொள்ளுவார். ஆனா அவர் குனிஞ்சு கீழ பாக்கமாட்டார். அதை நாங்கள்தான் பாக்கோணும்" என்பார்.

இதை இப்போது நினைக்க வைத்தவன் என் மருமகன், அக்காவின் மகன். புதுக்குடியிருப்பில் சிறிய கடை வைத்திருக்கிறான். மூன்று பிள்ளைகள் ஆகிவிட்டதால் மோட்டார் சைக்கிள் போதவில்லை. வவுனியாவில் ஒருவரிடம் 1990களின் நடுப்பகுதியில் ஜப்பானில் செய்த கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, உரிமையாளரே ஓடிப் பார்க்க ஒருநாள் தந்திருக்கிறார் என்று சொல்லிக்கொண்டு முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினான். பளபளவென்று புதுப் பெயின்ற். கிலோமீற்றர் மானி 187,000 காட்டியது. பொலித்தீன் உறைக்குள் கடதாசிகள் அடுக்காக இருந்தன: பதிவுப் புத்தகம், வரி அனுமதிப் பத்திரம், காப்புறுதி, புகைச் சோதனைச் சான்றிதழ், கடன் கொடுக்கிற நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் எழுதிய அறிக்கை.

"எல்லாம் கிளியர் மாமா. ஒண்டும் பாக்கி இல்லை."

நான் கடதாசியை மடித்து அவனிடமே கொடுத்துவிட்டு, முள்ளியவளையில் குழி வைத்திருக்கிற ஒரு கராஜுக்குப் போகச் சொன்னேன். அந்த மெக்கானிக் அண்ணைக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. ஐயாவின் காரில் கை வைத்தவர். வண்டியைக் குழிக்கு மேலே நிறுத்தி, மின்சூளோடு கீழே இறங்கினார். அவர் கையில் இருந்த ஆயுதம் ஒரு பழைய திருப்புளி மட்டும். சட்டத்தை அங்கங்கே அதன் பிடியால் தட்டினார். சில இடங்களில் 'ணங்' என்றது. பின்சில்லுக்குக் கிட்ட ஓரிடத்தில் 'பொத்' என்றது. அந்த இடத்தைத் திருப்புளி முனையால் குத்த, கறள் பொலபொலவென்று அவர் தலையில் கொட்டியது. அதையொட்டிப் போகிற பிரேக் குழாயைத் துணியால் துடைத்து எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். இரும்புக் குழாய் அரித்து, கருவாட்டு முள்ளுப்போல மெலிந்திருந்தது. முன்சில்லுக்குப் போகிற இறப்பர்க் குழாயை வளைத்தார். வெடிப்பு வாய் திறந்தது. ரயரின் பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் இருந்த நாலு இலக்கத்தை வாசித்தார்: 3217. அப்படியென்றால் 2017ஆம் ஆண்டின் 32ஆவது கிழமையில் செய்த ரயர். பூ இருந்தது, ஆனால் இறப்பர் காய்ந்திருந்தது. கடைசியாகப் பிரேக் பெடலின் இறப்பரைப் பார்த்தார். நடுவில் தேய்ந்து இரும்பு தெரிந்தது. 187,000 கிலோமீற்றர் ஓடிய காரின் பெடல் இப்படித் தேயாது, மானியின் கதை வேறு என்றார்.

மேலே ஏறி வந்து கையைத் துடைத்தபடி மருமகனிடம் கடதாசிகளைக் கேட்டார். ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"இவ்வளவு கடதாசியிலையும் பிரேக் எண்ட சொல் எங்கையாவது இருக்கோ தம்பி?"

மருமகன் தேடிப் பார்த்தான். இருக்கவில்லை.

ஐயாவின் கார் ஒஸ்ரின் ஏ40 சமர்செற். 1952க்கும் 1954க்கும் இடையில் இங்கிலாந்தில் செய்த மொடல். 1950களின் பிற்பகுதியில் வாகன இலக்கத்தகட்டில் சிங்கள ஸ்ரீ வந்தபோது வடக்கில் அதற்கெதிராகத் தார் பூசும் போராட்டம் நடந்தது அல்லவா, அதற்கு முந்திய ஆங்கில எழுத்துத் தகடு அது. அந்தத் தகட்டில் ஐயாவுக்கு ஒரு தனிப் பெருமை. 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டு ஜப்பான் கார்கள் கொழும்பை நிறைத்தபோதும் வன்னியின் ஹயர்கார்கள் பெரும்பாலும் இந்தப் பிரித்தானியக் கிழங்கள்தான்: ஏ40, கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போட், மொறிஸ் மைனர். முல்லைத்தீவு மாவட்டமே 1970களின் இறுதியில்தான் தனி மாவட்டமாகப் பிறந்தது. அதைவிட மூத்தவை எங்கள் கார்கள்.

1990இல் சண்டை மறுபடி மூண்டதும் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், பற்றரி, வாகன உதிரிப்பாகம் எல்லாம் தடைப் பட்டியலில். சங்கக்கடையில் அளந்து தந்த மண்ணெண்ணெய்தான் மிச்சம். அந்த மண்ணெண்ணெயில் கார் ஓடியது. இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் கதை விடுகிறேன் என்கிறார்கள், ஆகவே எப்படி என்று சொல்லிவிடுகிறேன்.

மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. ஆகவே குளிர்ந்த எஞ்சினை அதனால் எழுப்ப முடியாது. பொனற்றுக்குள் ஒரு சின்னப் போத்தலில் பெற்றோல் கட்டியிருக்கும். ஆஸ்பத்திரியில் கழித்த சேலைன் குழாய் வழியாக அது கார்பரேற்றருக்குச் சொட்டும். போத்தல் கட்டாதவர்கள் சூப்பிப் போத்தலில் பெற்றோலை எடுத்துக் கார்பரேற்றரின் வாயிலே பீச்சிவிடுவார்கள். பற்றரி கிடையாது, முன்னுக்கு இரும்புக் கம்பியைச் செருகிச் சுற்ற வேண்டும், அல்லது ஊர்ப் பொடியள் தள்ள வேண்டும். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எண்ணெய்க் குழாயைப் புகைபோக்கியோடு அணைத்துச் சுற்றியிருப்பார்கள், சூடு ஏறட்டும் என்று. அந்தப் பழைய எஞ்சின்களின் அமுக்கம் குறைவு; அதனால்தான் கீழ்த்தரமான எரிபொருளையும் பொறுத்துக்கொண்டன. இன்றைய கார் எஞ்சின் இரண்டு நாளில் கைவிட்டிருக்கும். பழைய எஞ்சின்களும் சும்மா பொறுக்கவில்லை. எரியாத மண்ணெண்ணெய் ஒயிலுக்குள் இறங்கி அதைத் தண்ணியாக்கும். பிளக்கில் கரி ஏறும். ஏற்றத்தில் எஞ்சின் இடிக்கும். கார் போன பிறகும் தெருவில் வெள்ளைப் புகை அரை மணித்தியாலம் நிற்கும். அந்தப் புகையைத் தமிழீழம் பூராவும் அறியும். இன்றைய புகைச் சோதனை நிலையத்துக்கு அந்தக் காரைக் கொண்டுபோனால் இயந்திரமே இருமும்.

அப்படியானால் பிரேக்? கேட்க வேண்டிய கேள்விதான். பழையதைப் பாடும்போது பலர் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பிரேக் இருந்தது, மூன்று தரம் மிதித்தால். முதல் மிதி வெறும் வெளி, இரண்டாவதில் ஏதோ தட்டுப்படும், மூன்றாவதில் பிடிக்கும். சிலிண்டருக்குள் இருக்கிற இறப்பர்க் குவளை தேய்ந்தால் புதிதாக வாங்க வழியில்லை. கடைச்சல்காரர் பழைய இறப்பரில் வெட்டித் தருவதைப் போட்டார்கள். பழைய லொறி ரயரில் புஷ் வெட்டினார்கள். கைப்பிரேக் என்பது பின்சீற்றின் கீழே கிடக்கிற பாலைமரக் கட்டை. ஏற்றத்தில் நிறுத்தினால் யாராவது குதித்துச் சில்லுக்கு அண்டை கொடுக்க வேண்டும். சின்ன வயதில் அந்த வேலை எனக்கு.

இதில் ஒரு கொடுமையான வேடிக்கை உண்டு. அதே 1990களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பாத் நகரத்து மொறிஸ் மைனர் வல்லுநர் சார்ள்ஸ் வெயர், இலங்கையின் தெற்கில் ஒரு தொழிற்கூடம் அமைத்து மொறிஸ் மைனருக்கான பாகங்களைச் செய்வித்துப் பிரித்தானியாவுக்கு எடுத்தார். கடல் கடந்து லண்டனில் ஞாயிற்றுக்கிழமை ஓட்டுகிற காருக்குப் பாகம் போனது. தாண்டிக்குளம் சோதனைச்சாவடி கடந்து முல்லைத்தீவில் பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றுகிற காருக்கு ஓர் ஆணி வரவில்லை.

அப்படியிருந்தும் தப்பியதற்குக் காரணம் இரண்டு. முதலாவது, அந்தக் காலத்தில் கார் நாள்தோறும் சோதிக்கப்பட்டது. சோதித்தவர் ஓட்டுகிறவர், ஏனென்றால் அது இடையில் நின்றால் அவருக்கு வேறு கதியில்லை. ஐயா காலையில் எஞ்சினை எழுப்பிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு காது கொடுப்பார். ஒட்டுசுட்டான் தெருவின் எந்தப் பள்ளத்தில் எந்தச் சத்தம் வர வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். வராத சத்தம் வந்தால் அன்று ஹயர் இல்லை. காரில் எது கெட்டிருக்கிறது என்று அவருக்குத் தெரியும், அதற்கேற்ப ஓடுவார். இரண்டாவது, வேகம். குண்டும் குழியுமான கிரவல் தெருவில் மணிக்கு 25 கிலோமீற்றருக்கு மேல் அந்தக் கார் ஓடினதாக எனக்கு ஞாபகம் இல்லை. பிரேக் பிடிக்காவிட்டால் கியரை இறக்கி, வேலி ஓரம் மணலுக்குள் விட்டு நிறுத்துவார். இரண்டு தரம் வேலியோடு நின்றதுண்டு. ஒரு தரம் பனைமரத்தோடு. சொண்டு வெடித்ததோடு போயிற்று.

அந்தக் கார் 2009 மேயில் முள்ளிவாய்க்கால் மணலில் நின்றது. நாங்கள் வட்டுவாகல் பாலத்தால் நடந்து வந்தோம். இதைப் பற்றி இங்கே அதிகம் எழுதப்போவதில்லை. முகாமிலிருந்து மீள்குடியேறி வந்தபோது, எரிந்ததும் எரியாததுமாக வாகனங்கள் குவியல் குவியலாகக் கிடந்தன: உழவு இயந்திரம், லான்ட்மாஸ்ரர், மோட்டார் சைக்கிள், சைக்கிள். ஐயா ஒருநாள் முழுக்கத் தேடினார். கிடைக்கவில்லை. பிறகு பழைய இரும்பு வியாபாரிகள் லொறி கொண்டுவந்தார்கள். ஏ40 எந்தக் கம்பியாக உருகியதோ.

அதன் பிறகு வன்னிக்குத் தெரு வந்தது. ஏ9 காபெற் ஆனது. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்கு வரும் ஏ34, பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்பு வழியாக வரும் ஏ35, இரண்டும் ஏறக்குறைய 50 கிலோமீற்றர், இரண்டும் காபெற் ஆயின. தெருவுக்குப் பின்னாலேயே லீசிங் கம்பனிகள் வந்தன. ஹயஸ் வான், பட்டா, கன்ரர், முச்சக்கரவண்டி, மாருதி என்று முற்றத்துக்கு முற்றம் வாகனம். நல்லதுதான். மாஞ்சோலை ஆஸ்பத்திரிக்கு இரவில் ஆளைக் கொண்டுபோக யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை.

ஆனால் வந்தவற்றில் பெரும்பகுதி வேறு யாரோ ஓடிக் களைத்த வாகனம். இதற்கு ஜப்பானில் ஒரு காரணம் இருக்கிறது. அங்கே காருக்குச் சாக்கென் என்றொரு கட்டாயப் பரிசோதனை. புதுக்காருக்கு முதலில் மூன்று வருடம் கழித்து, பிறகு இரண்டு வருடத்துக்கொரு தரம். செலவு அதிகம். வண்டி கொஞ்சம் பழசானதும் அந்தச் செலவுக்குப் பயந்தே பலர் விற்றுவிடுகிறார்கள். அவை ஏலத்துக்குப் போய், கப்பலேறி, இலங்கையில் 'றீகண்டிஷன்' ஆகின்றன. முதலில் கொழும்பில் ஒருவர் ஓடுவார், அடுத்து குருநாகலிலோ அநுராதபுரத்திலோ ஒருவர், பிறகு வவுனியா, கடைசியில் முல்லைத்தீவு. ஒவ்வொரு கைமாற்றத்திலும் பெயின்ற் புதிதாகும், கிலோமீற்றர் இளமையாகும். அதாவது பரிசோதனைக்குத் தப்பி வந்த கார், பரிசோதனையே இல்லாத ஊரில் வந்து முதுமையடைகிறது.

2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு அந்தக் கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து வருடத்தில் பழைய கார்கள் பொன்னானதைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாங்கிய விலையைவிடக் கூடுதலாகப் பத்து வருடம் கழித்து விற்றவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். 2022இல் எரிபொருள் வரிசையும் கியூ.ஆர் அட்டையும் வந்தபோது, மூலையில் கோழி அடைகாத்த வண்டிகளுக்கும் உயிர் வந்தது. வண்டிக்கொரு கோட்டா அல்லவா. மண்ணெண்ணெய்க்குப் போவோம் என்று கிழவர்கள் பகிடி விட்டார்கள். அந்த ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ஆக ஏறியதும் பகிடியும் நின்றது. இப்போது கதவு திறந்திருந்தாலும் வரிக்கு வரி ஏறிய புதுக்காரை என் மருமகனைப் போன்றவன் எட்டியும் பார்க்க முடியாது. முப்பது வயதுக் கார் இன்னும் பத்து வருடம் இந்தத் தெருவில் ஓடத்தான் போகிறது.

சரி, அந்தக் காரை யார் பார்க்கிறார்கள்?

புகைச் சோதனை 2008இல் மேல் மாகாணத்தில் தொடங்கியது. பிறகு எங்களுக்கும் வந்தது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் பிரதேச செயலகத்தில் வருட வரி அனுமதிப் பத்திரம் எடுக்க முடியாது. பெற்றோல் வண்டியென்றால் புகைபோக்கிக்குள் ஒரு குழாயைச் செருகி, கரியோரொட்சைட்டும் எரியாத எண்ணெய் ஆவியும் எவ்வளவென்று அளப்பார்கள். டீசல் என்றால் எஞ்சினை உச்சிக்கு முறுக்கி முறுக்கிப் புகையின் கருமையை அளப்பார்கள். பழைய டீசல் வான்காரர் அந்த நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு வற்றாப்பளை அம்மனைக் கும்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். சோதனைக்கு முதல்நாள் மெக்கானிக்கிடம் போய்க் கார்பரேற்றரை இறுக்கி, சான்றிதழ் எடுத்த கையோடு மறுபடி தளர்த்துகிறவர்கள் உண்டு. அந்தச் சோதனை புகைக்காக வந்தது, காற்றுக்காக வந்தது. அது தன் வேலையைச் செய்கிறது. அது பிரேக்கைப் பார்க்கவில்லை என்று அதைத் திட்டுவது, கண் வைத்தியரிடம் போய்ப் பல் வலிக்கு மருந்து தரவில்லை என்பதுபோல. பிழை எங்களிடம். 'எமிசன் பாஸ்' என்றால் கார் முழுக்கப் பாஸ் என்று வாசிக்கிறோம்.

மற்றக் கடதாசிகளும் அப்படித்தான். மூன்றாம் தரப்புக் காப்புறுதி எழுதுகிறவர் காரைக் காண வேண்டிய தேவையே இல்லை. இலக்கம் சொன்னால் போதும். மதிப்பீட்டாளர் பார்க்கிறார், ஆனால் விற்றால் என்ன பெறும் என்று பார்க்கிறார்; அவருக்குப் பெயின்ற்தான் பிரதானம். பதிவுப் புத்தகம் எஞ்சின் இலக்கத்தையும் சட்ட இலக்கத்தையும் சொல்கிறது. அந்த இலக்கம் குத்தியிருக்கிற இரும்பு உக்கிவிட்டதா என்று சொல்லாது.

பஸ்ஸுக்கும் லொறிக்கும் வருடாந்தம் தகுதிச் சான்றிதழ் வேண்டும். அது எவ்வளவு ஒழுங்காக நடக்கிறது என்பது வேறு கதை. ஆனால் சட்டத்தில் இருக்கிறது. தனியார் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் அது கேட்கப்படுவதில்லை. பழுதான பிரேக்கோடு வண்டி ஓடுவது குற்றம் என்பதற்கு 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இருக்கிறது. தெருவில் மறிக்கிற பொலிஸார் பார்ப்பது அனுமதிப் பத்திரத்தையும் விளக்கையும். மோட்டார் வாகனப் பரிசோதகர் வந்து பிரேக்கை மிதித்துப் பார்ப்பார், அது உண்மை. விபத்து நடந்த பிறகு, பொலிஸ் நிலைய முற்றத்தில் வைத்து. ஒரு தனியார் காரின் பிரேக்கைப் பற்றி அரசாங்கம் எழுதுகிற முதல் அறிக்கை பெரும்பாலும் அதுதான்.

ஓகஸ்ட் விடுமுறைக்கு லண்டனிலிருந்து வருகிற சொந்தக்காரர் வாடகைக் காரில் ஏற முதல் கேட்பார்: "எம்.ஓ.ரி. செய்ததோ?" நாங்கள் சிரிப்போம். அங்கே காருக்கான அந்தக் கட்டாயப் பரிசோதனை 1960இல் தொடங்கியது. முதலில் பத்து வயதைத் தாண்டிய கார்களுக்கு மட்டும், பிரேக், விளக்கு, ஸ்ரியரிங் மூன்றுக்கும் மட்டும். சோதிக்கத் தொடங்கியதும் விழுந்த கார்களின் தொகையைக் கண்டு பயந்து வயதெல்லையை இறக்கினார்கள். 1967இல் மூன்று வயதுக் காருக்கே வந்துவிட்டது. ஆனால் அந்தச் சான்றிதழையும் முழுக்க நம்பிவிட முடியாது. எஞ்சின், கிளச், கியர்ப்பெட்டி ஆகியவற்றின் நிலை அந்தச் சோதனைக்குள் வருவதில்லை. சோதித்த அன்று கார் எப்படி இருந்தது என்பதையே அது சொல்கிறது. அடுத்த நாள் குழாய் வெடித்தால் கடதாசி பொறுப்பில்லை. ஒருநாட் படம் அது. பழைய, அதிகம் ஓடிய காருக்கு ஒரு வருடம் என்பது நீண்ட காலம். இன்னொன்றும் கேளுங்கள்: 2018 மே முதல் அந்த நாட்டில் நாற்பது வயதைத் தாண்டி, பெரிதாக மாற்றம் செய்யாத கார்களுக்கு எம்.ஓ.ரி. வேண்டியதில்லை. ஆகவே இன்று லண்டனில் ஓடுகிற மொறிஸ் மைனரும் ஐயாவின் ஏ40 போலத்தான், சீட்டில்லாமல் ஓடலாம். காரணம், வைத்திருப்பவர் அதைப் பிள்ளைபோலப் பார்ப்பார் என்ற நம்பிக்கை.

எங்களிடம் மாறிப்போனது அந்தப் பார்வை. ஐயாவின் காரில் குறை ஆயிரம். எல்லாம் அவருக்குத் தெரிந்த குறை. மருமகன் கொண்டுவந்த காரின் குறை அதை விற்பவருக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன். ஏசி போட்டு, கண்ணாடி ஏற்றி, பாட்டுப் போட்டு ஓடுகிற காரில் சத்தம் எங்கே கேட்கப் போகிறது? தெருவும் இப்போது பள்ளத்தைக் காட்டி எச்சரிப்பதில்லை. அந்த நாளில் 25 கிலோமீற்றரில் ஓடியது இன்று 75இல் ஓடுகிறது. வேகம் மூன்று மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கத் தேவைப்படும் தூரம் ஒன்பது மடங்கு. இது பள்ளிக்கூடக் கணக்கு. ஏ35இல் இரவில் மாடுகள் காபெற்றின் சூட்டுக்குப் படுத்திருக்கும். நெடுங்கேணிப் பக்கம் யானை நிற்கும். மூன்று தரம் மிதித்துப் பிடிக்கிற பிரேக்குக்கு அங்கே இடமில்லை.

எங்கள் ஊர்க் காருக்குக் கூடுதலாக ஒரு நோயும் உண்டு: உப்பு. மழைக்காலத்தில் நந்திக்கடல் நிறைந்து வட்டுவாகல் பாலத்துக்கு மேலால் தண்ணீர் பாயும்போது, அதைக் கிழித்துக்கொண்டு போவது பொடியளுக்கு விளையாட்டு. வீட்டுக்கு வந்து மேலே கழுவுவார்கள், பெயின்ற் மின்ன. கீழே ஒரு வாளி நல்லதண்ணி அடிக்கிறவரை நான் காணவில்லை. உப்பு உள்ளே இருந்து தின்னும். பிரேக் எண்ணெய் காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சும், அதையும் இரண்டு வருடத்துக்கொரு தரம் மாற்ற வேண்டும் என்று காரின் கைநூலிலேயே இருக்கும். 'குறைஞ்சா விடுவம்' என்பதுதான் எங்கள் வழக்கம்.

வடமாகாண நிர்வாகமும் மாவட்டச் செயலகமும் எத்தனையோ கூட்டம் வைக்கின்றன. மாவட்டத்துக்கு ஒரு குழியும், சில்லை உருளையில் ஏற்றிப் பிரேக்கை அளக்கிற ஓர் இயந்திரமும், பதினைந்து வயதைத் தாண்டிய காருக்கு வருடத்தில் ஒருநாளும் என்று யாராவது கேட்டால் நான் கையெழுத்து வைப்பேன். லஞ்சம் நுழையும் என்பார்கள். நுழையும். அதற்காகப் பிரேக்கைப் பார்க்காமல் விடுவது என்ன நியாயம்? அதுவரைக்கும், பழைய கார் வாங்கப் போகிறவர்கள் கடதாசியை எடுக்க முதல் காரைக் குழிக்கு மேலே ஏற்றுங்கள். ஒரு மணித்தியாலக் கூலிதான். வெறுந் தெருவில் 40இல் ஓடி, ஸ்ரியரிங்கை லேசாகப் பிடித்துக்கொண்டு பிரேக் அடித்துப் பாருங்கள், ஒரு பக்கம் இழுக்கிறதா என்று. எஞ்சின் ஓடும்போது பெடலை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ கசிகிறது.

மருமகன் அந்தக் காரை வாங்கவில்லை. மெக்கானிக் அண்ணை சொன்ன பழுதுகளை அப்படியே உரிமையாளரிடம் சொல்லித் திருப்பிக் கொடுத்தான். அவர் கோபிக்கவில்லை, "பாப்பம் தம்பி" என்றாராம். இரண்டு கிழமைக்குப் பிறகு விசுவமடுவில் அதே காரைக் கண்டேன். யாரோ வாங்கிவிட்டார்கள். பின்சீற்றில் பிள்ளைகள் இருந்தார்கள். முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த வரி அனுமதிப் பத்திரம் இன்னும் ஏழு மாதத்துக்குச் செல்லும்.